தூசிக்கு ஒரு கிலோ

ஷாகிதாவின் அறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்று வெளியே அம்பத்தூர் எஸ்டேட் சாலையைப் பார்த்தது. லாரிகள், டீக்கடை, மதியச் சாப்பாட்டுக்கு மண்ணூர்பேட்டைப் பக்கம் நடக்கும் கூட்டம் எல்லாம் அதில் தெரியும். இன்னொன்று உள்ளே, கீழே இருக்கும் ஷெட்டைப் பார்த்தது. பழைய கம்ப்யூட்டர்களையும் டிவிகளையும் போன்களையும் பிரித்துப்போடும் மேசைகளும், மூலையில் எடை மிஷினும், அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எடை எழுதும் பாபுவும் அதில் தெரிவார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே அவள் மேசையை இழுத்து, உள் ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி போட்டுக்கொண்டாள். ஏன் என்று ஆபீஸ் பையன் கேட்டதற்கு, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றாள். ஷெட்டுக்குள் அப்படி என்ன வெளிச்சம் என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை.

உண்மையில் அவள் முதுகு காட்டியது அந்த எடை மிஷினுக்கு.

பூந்தமல்லியில் சாதுல்லா காயலான் கடை என்றால் ஆட்டோக்காரர்கள் வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார்கள். பழைய இரும்பு, பேப்பர், பாட்டில், ஓடாத மிக்ஸி, உடைந்த சேர் என்று எதைக் கொண்டுபோனாலும் எடை போட்டு எடுத்துக்கொள்வார் சாதுல்லா. ஷாகிதா அவருடைய ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே ‘காயலான்’தான். அந்தப் பெயரை உதிர்ப்பதற்காகவே அவள் படித்தாள் என்றுகூடச் சொல்லலாம். வேதியியலில் பட்டம், அதற்கு மேல் சுற்றுச்சூழல் மேலாண்மையில் ஒரு டிப்ளமா. இரண்டு பக்கத்து உறவிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கடைசியில் வேலை கிடைத்தது ஒரு மின்னணுக் கழிவுக் கம்பெனியில். வாசலில் பெயர்ப்பலகை, சுவரில் லைசென்ஸ், மாடியில் ஓர் அறை. இதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அப்பாவின் கடையைப் போலப் பத்து மடங்கு பெரிய ஒரு காயலான் கடை. இத்தனை வருடம் படித்துத் தான் கடந்த தூரம் பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும்தானா என்று பஸ்ஸில் நின்றுகொண்டு அவள் தன்னையே கேட்டிருக்கிறாள். வானகரம் தாண்டுவதற்குள் பதில் வந்ததில்லை.

வீட்டில் அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று யாரும் விவரமாகச் சொல்வதில்லை. “பொண்ணு ஆபீஸ்ல கீது” என்பார் சாதுல்லா. அம்மா ஜுலைகா அதையே கொஞ்சம் நீட்டி, “கெவர்மெண்டு மாதிரி” என்பாள். ஷாகிதாவும் திருத்தவில்லை.

கம்பெனி முதலாளி வீராசாமி அவளை வேலைக்கு எடுத்தது ஒரே ஒரு காரியத்துக்காக. பிரித்தெடுத்த சாமான்களில் இரும்பும் பிளாஸ்டிக்கும் செம்பும் இங்கேயே விலை போய்விடும். மிஞ்சுவது பச்சை நிறச் சர்க்யூட் போர்டுகள். ஒவ்வொரு போர்டிலும் துளித்துளியாகத் தங்கமும் வெள்ளியும் இருக்கின்றன. அதை ஒழுங்காகப் பிரிக்கும் பெரிய உலை ஜப்பானில் இருக்கிறது. ஒழுங்கில்லாமல் பிரிக்க ஓர் ஏரிக்கரை போதும். போர்டைக் கொளுத்துவார்கள், ஆசிட்டில் ஊறவைப்பார்கள், மிச்சத்தைத் தண்ணீரில் கொட்டுவார்கள். அப்படி ஓர் ஏரிக்கரை ஆளுக்குத்தான் வீராசாமி இதுவரை விற்றுக்கொண்டிருந்தார். இப்போது பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று தன் பழைய கம்ப்யூட்டர்களை மொத்தமாகக் கொடுக்க முன்வந்து, போர்டுகள் எங்கே போகின்றன என்று காட்டவேண்டும் என நிபந்தனை போட்டிருந்தது.

“ஜப்பானுக்கு அனுப்பறதுக்கு பர்மிஷன் வாங்கணும்மா. அதான் உன் வேலை,” என்றார் வீராசாமி. “வந்துச்சுன்னா உனக்கு இங்க ஆயுசுக்கும் சேர் கீது. வரலன்னா போர்டு பழையபடி ஏரிக்கரைக்குப் போயிடும். அப்புறம் அந்த ரூமு எனக்கு எதுக்கு? ஏசி கரண்டுதான் தண்டம்.”

அன்றிலிருந்து ஷாகிதாவுக்கு அந்த ஒரே வேலைதான், அந்த ஒரே கவலைதான்.

அனுமதி என்பது ஒரு கையெழுத்து என்று நினைத்திருந்தாள். அது ஒரு நீண்ட வரிசை என்று தெரிய வந்தது. இங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பரிந்துரைக்க வேண்டும். டெல்லியில் அமைச்சகம் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஜப்பானுக்கு எழுதுவார்கள். சரக்கு போய்ச் சேரும் நாடும், வழியில் கப்பல் நிற்கும் சிங்கப்பூரும், சரி, வரட்டும் என்று பதில் எழுத வேண்டும். இதற்கிடையில் போர்டுகளை ஷெட்டில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு விதி. அதற்கு நீட்டிப்பு கேட்டு வாங்கினாள். இரண்டாம் முறை கேட்க முடியாது.

விண்ணப்பத்தில் எவ்வளவு எடை அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தது. சரக்கு முழுவதும் ஏற்கெனவே மூட்டை கட்டி அடுக்கியிருந்தது. வீராசாமி, “இருபது டன்னுன்னு போடும்மா, ரவுண்டா இருக்கும்” என்றார். அவளுக்கு மனம் வரவில்லை. ரவுண்டாகப் போடுவதெல்லாம் காயலான் கடைக்காரர்கள் செய்வது. அவள் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த மூட்டைகளின் எடையையெல்லாம் கூட்டி, பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ என்று எழுதினாள். அந்த நாற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு காத்திருப்பு. விண்ணப்பத்தின் நிலை ‘பரிசீலனையில்’ என்று இருந்தது. நாளைக்கும் அதுவே இருக்கும்.

ஒருநாள் வீராசாமி மாடிக்கு வந்து போனை நீட்டினார். “டெல்லி நம்பரு. நீ பேசு. உனக்கு இந்தி வரும்ல?”

“எனக்கு எப்படி சார் வரும்?”

“இன்னாம்மா, பாய் ஊட்டுப் பொண்ணு, இந்தி வராதுங்கற?”

“எங்க ஊட்ல தமிழ்தான் சார். இங்லீஷ்லயே பேசறேன்.”

“அப்ப நானும் நீயும் ஒண்ணுதானா?” என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார் வீராசாமி. மறுமுனையில் எடுத்தவர் நல்லவர். ஜப்பானிலிருந்து பதில் வரவேண்டும், வந்தால் தகவல் வரும் என்று பொறுமையாகச் சொன்னார். அந்த வாரம் முழுவதும் அவளிடம் யாராவது அத்தனை மரியாதையாகப் பேசினார்கள் என்றால் முகம் தெரியாத அந்த ஆள் ஒருவர்தான்.

கீழே ஷெட்டில் பெண்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். மதியம் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். சேர்ந்த புதிதில் ஷாகிதா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வட்டம் நகர்ந்து இடம் விட்டது. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. “மேடம், சேர் எடுத்தாரட்டா?” என்றாள் ஒருத்தி. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எல்லோரும் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து மாடியிலேயே சாப்பிட்டாள்.

பாபுவின் ‘மேடம்’ இதைவிடக் கொஞ்சம் குத்தும். ஏனென்றால் பாபு ஒரு காலத்தில் சாதுல்லா கடையில் வேலை பார்த்தவர். அவளைத் தோளில் தூக்கி பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் ஜிலேபி வாங்கித் தந்தவர். அப்போது ‘பாப்பா’ என்பார். இங்கே அவளை முதல்முறை பார்த்ததும் வாய் ‘பா’ என்று திறந்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் ‘மேடம்’ என்று மூடியது. இல்லை, பாப்பா என்றே கூப்பிடுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கடையும் கூடவே மாடிப்படி ஏறி வந்துவிடும் என்று பயந்தாள்.

சாயங்காலம் பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, தலைக்கு மேலே மெட்ரோவின் சோதனை ரயில் போகும். உள்ளே விளக்குகள் எல்லாம் எரியும். சீட்டுகள் காலியாக இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கும், கதவு திறக்கும், யாரும் ஏற மாட்டார்கள், கதவு மூடும். எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டு, ஒரு ஆளும் இல்லாமல் ஓடும் அந்த ரயிலைப் பார்க்க அவளுக்கு ஏனோ வெட்கமாக இருக்கும்.

ஒருநாள் அனுமதி வந்தது.

மின்னஞ்சலைத் திறந்து இரண்டு தடவை படித்தாள். தன் பெயர், கம்பெனி பெயர், பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ. எழுந்து நின்றாள். அறையில் யாரும் இல்லை. போனை எடுத்துக் கல்லூரித் தோழிகளின் குழுவைத் திறந்தாள். கடைசியாக அங்கே வந்திருந்தது ஒரு வளைகாப்புப் படம். ‘எனக்கு போர்டு ஏற்றுமதி அனுமதி கிடைத்துவிட்டது’ என்று அதற்குக் கீழே எழுதினால் யாருக்கு என்ன புரியும்? எழுதியதை அழித்தாள். பிறகு படியிறங்கி, எதிர்ப்பட்ட முதல் ஆளான பாபுவிடம் சொன்னாள்.

“அப்டியா மேடம். நல்லது,” என்றார் பாபு. கொஞ்சம் யோசித்து, “ஜப்பான்ல இத்த வச்சு இன்னா பண்ணுவான்?” என்று கேட்டார். அவள் விளக்க ஆரம்பிப்பதற்குள் யாரோ மூட்டையைக் கொண்டுவந்து போட, அவர் எடையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

வீராசாமி மட்டும் சத்தம் போட்டுச் சந்தோஷப்பட்டார். எல்லோருக்கும் சமோசா வந்தது. கப்பலில் இடம் பதிவானது. அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. கண்டெய்னரில் ஏற்றும் முன் வாரியத்தின் பொறியாளர் வந்து சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தின நாள், எதற்கும் இருக்கட்டும் என்று மூட்டைகளை லாரியில் ஏற்றி எஸ்டேட் எடை மேடைக்கு அனுப்பிவைத்தாள் ஷாகிதா.

சீட்டு வந்தது. அனுமதித்த எடையைவிட நானூறு கிலோ அதிகம்.

எடை மேடை தப்பு என்று நினைத்து வேறொன்றுக்கு அனுப்பினாள். அங்கேயும் அதே நானூறு. லாரி திரும்பி வந்ததும், வேலையில் சேர்ந்த பிறகு முதல்முறையாக அவள் எடை மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“பாபு அண்ணே, இந்த மூட்டைய மறுபடி போடுங்க.”

“இன்னாத்துக்கு மேடம்? போட்டு எழுதினதுதான்.”

“போடுங்கண்ணே.”

போட்டார். மிஷின் நாற்பத்தேழு காட்டியது. மூட்டையின் மேல் அவர் மார்க்கரால் எழுதியிருந்தது நாற்பத்தாறு. அடுத்த மூட்டை நாற்பத்தைந்து, எழுதியிருந்தது நாற்பத்துநான்கு. மூன்றாவது மூட்டையைப் போடச் சொல்ல அவளுக்கு அவசியம் இருக்கவில்லை. நானூறு மூட்டைகள் இருந்தன.

“எல்லாத்துலயும் ஒரு கிலோ கம்மியா எழுதியிருக்கீங்க.”

“தூசி மேடம்,” என்றார் பாபு, வானம் மேலே இருக்கிறது என்று சொல்வதைப் போல. “தூசிக்கு ஒரு கிலோ. எப்பவும் கழிக்கிறதுதான?”

“யார்கிட்டருந்து கழிக்கிறீங்க? இது நம்ம மூட்டைதானே. விக்க வந்தவன் யாரும் இல்லையே.”

பாபு மூட்டையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். இத்தனை நாளில் அதை அவர் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. “கை பழகிப்போச்சு மேடம்,” என்றார். பிறகு, கொஞ்சம் கோபமாக, “உங்க அப்பா கடைல பழகினதுதான். கல்லாப் பக்கத்துல குந்திகினு நீங்களே கத்துவீங்களே, ‘தூசிக்கு ஒண்ணு’ன்னு. கெராக்கிங்கலாம் சிரிப்பாங்க.”

அவளுக்கு ஞாபகம் வந்தது. ஏழு வயதிருக்கும். அப்பா எடையைச் சொல்லுமுன்பே அவள் கத்துவாள். அந்தக் குரல் அவளுடையதுதான். நானூறு தடவை இந்த ஷெட்டில் யாரோ ஒரு கிலோவைக் கழித்தபோது, அவள் மேலே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இந்தத் தொழிலில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீராசாமி இதைக் கேட்டுச் சிரித்தார்.

“இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு நிக்கற? ஒம்போது மூட்டைய எறக்கு. மீதிய ஏத்து. சரியாப்பூடும்.”

“அந்த ஒன்பது மூட்டை சார்?”

“எந்த ஒம்போது? கம்ப்யூட்டர்ல இருக்கற கிலோ மொத்தமும் லாரியில போயிடுது. இல்லாத மூட்டைம்மா அது.”

“கீழ இருக்கே சார்.”

“நாளைக்கு கண்டெய்னர் போனதும் ஏரிக்கரை ஆளுக்கு போன் பண்றேன். அப்புறம் அங்கயும் இருக்காது.” பிறகு அவள் முகத்தைப் பார்த்து, “ஏம்மா, முந்நூத்தி சொச்சம் மூட்டை ஜப்பானுக்குப் போகுது. ஒம்போதுதான் போகல. நீ பாஸ்தான்,” என்றார்.

அதில் நியாயம் இல்லாமலில்லை. பஸ்ஸில் வரும்போது அவளே அந்த வாதத்தைத் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். பொறியாளரிடம் உண்மையைச் சொன்னால் மொத்தச் சரக்கும் நின்றுபோகலாம். கப்பல் போய்விடும், ஆறு மாத நீட்டிப்பும் முடிந்துவிடும். அப்புறம் நானூறு மூட்டையும் ஏரிக்கரைக்குத்தான். ஒன்பதைக் காப்பாற்றப் போய் நானூறைக் கொளுத்துவதா? இதை யாரிடமாவது கேட்டால் தேவலை என்றிருந்தது. கேட்கத் தக்கவர்கள் யார் என்று விரல் மடக்கினாள். ஒரு விரல்தான் மடங்கியது.

சாதுல்லா கடையில் பழைய செய்தித்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அத்தா, தூசிக்கு ஒரு கிலோ கழிக்கிறீங்களே. அது ஏன்?”

அவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கல்லூரியில் சேர்ந்த பிறகு மகள் கடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“குந்து,” என்றார். “ஜனங்க இன்னாலாம் பண்ணும் தெரியுமா? பேப்பர்ல தண்ணி தெளிச்சுகினு வரும். எண்ணெ டின்னுல கல்லப் போட்டுகினு வரும். ஒருத்தன் மிக்ஸிக்குள்ள செங்கல்ல வச்சு எடுத்தாந்தான், அத்த நான் சொன்னதில்லையே? சொல்றேன் இரு. ஒவ்வொருத்தனையும் நீ திருடன்னு சொல்ல முடியுமா? தப்பு. அதான் பொதுவா எல்லார்க்கும் தூசின்னுட்டு ஒரு கிலோ. மழை காலத்துல ரெண்டு.” முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. செங்கல் கதையை முழுதாகச் சொன்னார். இன்னொன்றும் ஆரம்பித்தார்.

அவள் கேட்டுக்கொண்டேயிருந்து, நடுவில் ஒன்பது மூட்டையைச் சொன்னாள்.

சாதுல்லா சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “உன் ஓனருக்கு வெவரம் பத்தல. அத்த இங்க அனுப்பச் சொல்லு. ஏரிக்கரைக்காரன் என்கிட்ட நல்ல வெலைக்கு எடுப்பான்.”

“அத்தா, அவங்க அத எரிப்பாங்க.”

“எரிக்காம? ஊறுகா போடுவாங்களா?”

“எரிக்காம இருக்கறதுக்குத்தான் நான் வேலைக்கே போறேன் அத்தா. அந்தப் புகையும் ஆசிட்டும் விஷம். ஏரித் தண்ணி மொத்தமும் கெட்டுப்போவும்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மலர்ச்சி போய்விட்டது. “இத்தினி வருசமா நானும் அவனுக்குத்தான் போட்டுகினு கீறேன்,” என்றார். “அதத்தான் சொல்ல வர்றியா?”

இல்லை அத்தா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. அந்த நேரம் போய்விட்டது.

“நீ ஆபீஸ்ல கீறேன்னு நெனச்சேன்,” என்றார் சாதுல்லா, பாதி கட்டிய கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. “ஊட்டுக்குப் போ. அம்மா சோறு வச்சுகினு நிக்கும்.”

மறுநாள் காலை பொறியாளர் ரேவதி வந்தார். வேகமாகப் பேசும், வேகமாக நடக்கும் பெண்மணி. லாரியில் ஏற்றித் தயாராக இருந்த மூட்டைகளைப் பார்த்தார், நான்கைந்தைப் பிரிக்கச் சொன்னார், புதிதாகப் போட்ட எடைச் சீட்டைப் பார்த்தார். எல்லாம் அனுமதிக்குள் இருந்தது. வீராசாமி இளநீர் வெட்டச் சொல்லியிருந்தார். ரேவதி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“மேடம்,” என்றாள் ஷாகிதா. “இன்னும் ஒன்பது மூட்டை இருக்கு.”

“எங்க?”

“அந்தத் தார்ப்பாய்க்குப் பின்னால.”

வீராசாமி இளநீரைக் கீழே வைத்தார். பாபு ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது கிலோ வரை துல்லியமாக விண்ணப்பத்தில் எழுதியது, எழுதிய எடையே பொய்யாக இருந்தது, அந்தப் பொய்யில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாதது.

“தூசிக்கா?” என்றார் ரேவதி. சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. வரவில்லை. “நீ சொல்லலன்னா நான் இந்நேரம் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பியிருப்பேன்.”

“தெரியும் மேடம்.”

“சொல்லிட்ட. இப்ப நான் எழுதணும்.” பேனாவை மூடி, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவர் திரும்பி வரும்வரை ஷெட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அசையவில்லை. வாசலில் காத்திருந்த கண்டெய்னர் டிரைவர் என்ஜினை அணைத்தார். எட்டுப் பெண்களும், பாபுவும், வீராசாமியும் அவளைப் பார்த்தார்கள். தான் செய்தது சரிதானா என்று அவளுக்கே தெரியவில்லை. நல்லது செய்தவர்களுக்கு உள்ளே ஒரு தெளிவு வரும் என்று எங்கோ படித்திருந்தாள். அப்படி எதுவும் வரவில்லை. 

ரேவதி திரும்பி வந்து சொன்னார். அனுமதித்த எடைக்குள் இருப்பதால் லாரியில் உள்ளது போகலாம். ஒன்பது மூட்டையையும் சீல் வைத்து ஷெட்டிலேயே வைக்க வேண்டும், ஒரு போர்டு வெளியே போகக் கூடாது. இருப்பைத் தவறாகக் காட்டியதற்குக் கம்பெனி விளக்கம் எழுத வேண்டும். அந்த ஒன்பதுக்கும் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும். போகும்போது ஷாகிதாவைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தவர், வீராசாமி பக்கத்தில் இருந்ததால், “தண்ணி குடிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மூட்டைகளை ஏற்றிக்கொண்ட கண்டெய்னர் எஸ்டேட் சாலையில் திரும்பி மறையும்வரை ஷாகிதா வாசலில் நின்றாள். அவள் எதிர்பார்த்திருந்த நாள் அது. கூட நின்று பார்க்க ஒருவரும் இல்லை.

“ஒன்ன இப்பவே போகச் சொல்லணும்,” என்றார் வீராசாமி. கத்தவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் பயமாக இருந்தது. “ஆனா அந்த வெளக்கம் எழுதறதுக்கும் புது அப்ளிகேசன் போடறதுக்கும் இங்க வேற யாருக்கும் அந்தப் பாஷ தெரியாது. அந்த ஒம்போது மூட்டைக்கும் பர்மிஷன் வாங்கி அனுப்பு. அது போற அன்னைக்கு நீயும் போ.”

ஆக, ஒன்பது மூட்டை இருக்கும்வரைதான் அவளுக்கு வேலை. அவை போவதற்கான வழியையும் அவளே எழுத வேண்டும்.

மறுநாள் அவள் மேசையைத் திருப்பிப் போட்டாள். இப்போது உள் ஜன்னல் எதிரே இருந்தது. எடை மிஷின், பாபுவின் வழுக்கைத் தலை, சுவரோரம் சீல் வைத்த ஒன்பது மூட்டைகள் எல்லாம் தெரிந்தன. பாபு இப்போது மிஷின் காட்டுவதை அப்படியே எழுதினார். ஆனால் அவளை மேடம் என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். பாப்பா என்றும் கூப்பிடவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாடியைப் பார்த்துப் பொதுவாக, “எறக்கியாச்சு” என்பார், அல்லது “லாரி வந்துகீது” என்பார்.

அவள் விளக்கம் எழுதினாள். விண்ணப்பம் எழுதினாள். எடை என்ற இடத்தில், மூட்டை ஒவ்வொன்றையும் தன் கண்ணால் பார்த்து எழுதினாள். எழுதிய பின், ஐந்து கிலோ கூட்டிப் போட்டாள். மழைக்காலம் வரப்போகிறது. சாக்கு ஈரம் குடிக்கும். நிலை: பரிசீலனையில்.

சில வாரம் கழித்து ஜப்பானிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்தது, எடை போட்டோம், உலைக்கு அனுப்புகிறோம். கீழே ஓர் அட்டவணை. அதைப் படித்தவள், மறுபடி படித்தாள். பிறகு, என்ன தோன்றியதோ, அன்று சீக்கிரமே கிளம்பி, பூந்தமல்லியில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போனாள். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவளும் அத்தாவும் சாப்பாடு, சாவி, கரண்ட் பில் தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை.

“அத்தா, சரக்கு ஜப்பான் போய்ச் சேர்ந்துச்சு.”

சாதுல்லா தலையசைத்தார். யாரோ ஒருவர் கொண்டுவந்திருந்த பழைய இரும்பை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“எடை போட்டிருக்காங்க. போட்டுட்டு, ஈரப்பதத்துக்குன்னு நூத்துக்கு அரை கழிச்சிருக்காங்க.”

அவர் கை நின்றது. “கழிச்சிகீறானா?”

“ஆமா.”

“ஜப்பான்காரனா?”

“ஆமா அத்தா. ஈரத்துக்கு.”

சாதுல்லா சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்கு. “அவனும் காயலான்தாண்டீ!” என்றார். இரும்பு கொண்டுவந்திருந்த ஆள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஷாகிதாவுக்கும் சிரிப்பு வந்தது. அத்தாவின் சிரிப்பு தனக்கா, கடல் தாண்டியிருக்கும் அந்த முகம் தெரியாத எடைக்காரனுக்கா என்று தெரியவில்லை. எதற்கானாலும் அவள் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்றாள்.

“அந்த ஒம்போது மூட்டை?” என்றார் அவர், சிரிப்பு அடங்கியதும்.

“கீழ இருக்கு. டெல்லிக்கு எழுதியிருக்கேன்.”

“எப்ப வரும்?”

“தெரியல அத்தா. வந்தா எனக்கு வேலை இருக்காது.”

 சாதுல்லா காத்திருந்த ஆளின் இரும்பைத் தூக்கித் தராசில் வைத்தார். முள் ஆடி நின்றது. எண்ணைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, வழக்கம்போல ஒரு கிலோ கழித்துத்தான் எழுதினார். வாய்விட்டுச் சொல்லவில்லை.